ஒன்பது அங்குலச் சுவர்

குஞ்சுகள் பறந்துபோன பிறகும் மைனா இரை கொண்டுவந்தது.

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். விடிந்ததும் மூன்று குஞ்சுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவர் ஓட்டையிலிருந்து வெளியே வந்து, கீழே விழப்போய், விழாமல் தப்பி, காம்பவுண்டுச் சுவரில் தொற்றிக்கொண்டதை அவளே பார்த்திருந்தாள். இன்னும் அங்கேதான் இருந்தன. இறக்கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி, மஞ்சள் ஓரம் வைத்த வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. தாய் மைனா அவற்றின் தலைக்கு மேலே பறந்து வந்தது. அலகில் ஒரு வெட்டுக்கிளி காலை உதறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பக்கம் அது திரும்பவே இல்லை. நேரே வீட்டின் பின்சுவருக்கு வந்து ஓட்டைக்குள் நுழைந்தது. வெளியே வரும்போது அலகு காலி.

“பழக்க தோஷமா?” என்று அவள் மைனாவிடம் கேட்டாள். “சம்பளம் இல்லாத வேலைக்கு ஓவர்டைம் வேற பாக்குறியே.”

இரண்டு மாதமாக அவளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை உண்டு. அவள் கட்டடப் பூச்சு வேலைக்காரி. பிரசவத்துக்குப் பிறகு சைட்டுக்குப் போகவில்லை. கணவன் காலையில் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவான். பகல் முழுக்க வீட்டில் அவளும் பிள்ளையும், சுவரில் மைனாவும். சிமெண்டு மூட்டையின் நூலையும் அவள் தலை வாரி எறிந்த முடியையும் பொறுக்கிக்கொண்டு போய் அது கூடு கட்டியதையும், ஆண் மைனா ஒரு துரும்பைத் தூக்குவதற்குள் பத்துத் தடவை கழுத்தை நிமிர்த்தி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்ததையும் அவள் தினமும் கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள். ஊரே கணவனை மேஸ்திரி என்றது. அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆண் மைனாவுக்கும் அதே பேர்தான் வைத்திருந்தாள்.

அந்த ஓட்டை அவளும் கணவனும் விட்ட ஓட்டை. சுவர் எழுப்பும்போது சாரக்கம்பை ஊன்றுவதற்காக ஒரு செங்கல் அளவுக்கு இடம் விடுவார்கள். வேலை முடிந்து சாரத்தைப் பிரிக்கும்போது அரைக்கல்லைச் செருகி, கலவை அப்பி, இருந்த தடம் தெரியாமல் பூசிவிடுவார்கள். ஊரார் வீடுகளில் அப்படி எத்தனையோ ஓட்டைகளை அடைத்த கை அவள் கை. தன் வீட்டில் ஒன்று மிச்சமாகிவிட்டது. அன்றைக்குக் கலவை தீர்ந்துபோனது, மறுநாள் வேறு சைட்டில் அவசர வேலை, பிறகு வயிறு பெருத்துவிட்டது, பிறகு மைனா குடியேறிவிட்டது. அவள் தோளுயரத்தில், பூசாத செங்கல் வரிசைகளுக்கு நடுவே, சதுரமான ஒரு கறுப்பு. ஒன்பது அங்குலச் சுவர் அது. உள்பக்கம் அறையில் ஏற்கெனவே பூசியாகிவிட்டது. ஆக, ஓட்டைக்குள் கையை விட்டால் முழங்கை நுழைவதற்குள் பூச்சின் முதுகு விரலில் தட்டும். அவளுக்கு அது மனப்பாடம்.

மைனா போனதும் ஓட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தகர டப்பாவில் கொஞ்சம் மணலைப் போட்டு மெதுவாக ஆட்டுவது போன்ற சத்தம், மூச்சு விட நிறுத்தி மறுபடி தொடங்குகிற சத்தம், இளம் குஞ்சுகள் கண் திறக்காத நாட்களில் போட்ட அதே சத்தம். இன்னொன்று உள்ளே இருக்கிறது போல, சவலையாக ஒரு கடைக்குட்டி, என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிப்பதற்குள் ரவிக்கை நனைந்தது. பிள்ளை வாய் வைக்காத பக்கத்து மார்பிலிருந்து பால் தானாகச் சுரந்து வயிறு வரை வழிந்தது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும் பால் இறங்கத்தான் செய்யும். பிள்ளை இந்தப் பக்கத்து மார்பை விட்டுவிட்டு முகத்தைச் சுளித்ததுதான் புதிது. மறுபடி வாயில் வைத்தாள். பிள்ளை இழுத்துப் பார்த்தது. எதுவும் வராமல், அழவும் அழாமல், அம்மாவின் முகத்தையே பார்த்தது. பிறந்தபோது தூக்க முடியாத கனம் என்று எல்லோரும் சிரித்து வைத்த பேர் குண்டு. பெண் பிள்ளைக்கு இப்படியா பேர் வைப்பார்கள் என்று நாத்தனார் கோபித்தும் அதுவே நிலைத்துவிட்டது.

சாயங்காலம் ஆவதற்குள் காம்பவுண்டுச் சுவரில் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகளில் ஒன்று கீழே விழுந்தது. அடுத்த நாள் மற்றவையும் விழுந்தன. எறும்புகள் கோடு போட்டு வந்தன. தாய் மைனா புழுவைக் கவ்வியபடி தன் குஞ்சின் உடம்பைத் தாண்டி நடந்து, ஒரு கல்லைத் தாண்டுவது போலத் தாண்டி, எழும்பி ஓட்டைக்குள் போனது. அவள் குஞ்சுகளை முறத்தில் அள்ளிச் செடி மூட்டில் புதைத்தாள். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது மைனா கொடிக்கயிற்றில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு ஒட்டிப்போயிருந்தது. இறகு உதிர்ந்து கழுத்துத் தோல் தெரிந்தது.

அவள் அதோடு பேசுவதை நிறுத்தினாள்.

பிறகு மற்றவையும் வரத் தொடங்கின. முதலில் சிட்டுக்குருவிகள். அப்புறம் ஒரு ஜோடிப் புறா. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குடிக்க வரும் காகங்கள். ஒன்றையொன்று கொத்தி விரட்டுகிற ஜாதிகள் எல்லாம் கொடிக்கயிற்றில் வரிசையாக உட்கார்ந்தன. சண்டையில்லை, கூச்சலில்லை. ஒன்று போய்விட்டு வெளியே வந்ததும் அடுத்தது போனது. ரேஷன் கடையில்கூட மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக நிற்க மாட்டார்கள் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. இறக்கைகளின் விசிறல் மட்டும் கேட்டது, ஈரத்துணி உதறுவது போல. கொல்லை முழுக்க ஒரு வாடை சுற்றிக்கொண்டிருந்தது. புளித்த பாலும் நனைந்த செங்கல்லும் கலந்த வாடை.

ஒரு காகம் தெருவிளக்குக் கம்பத்தில் கூடு கட்டியிருந்தது. அது எதையோ சிவப்பாகக் கவ்விக்கொண்டு வந்தது. மயிர் முளைக்காத, கண் திறக்காத குஞ்சு. காகம் அடுத்தவன் கூட்டில் திருடும், அது உலகம் அறிந்தது. ஆனால் இந்தக் காகம் தன் கூட்டிலிருந்து எடுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஓட்டையில் வைத்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பியது. கூட்டுக்குள் குனிந்தது. அடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு மேஸ்திரி வந்து கையைக் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். வீட்டில் அடைந்து கிடந்தால் இப்படித்தான், சுவர்கூடப் பேசத் தோன்றும், அடுத்த மாதத்திலிருந்து அரை நாளாவது சைட்டுக்கு வா என்றான். சுவர் பேசவில்லை, சாப்பிடுகிறது என்றாள். பாம்பு புகுந்திருக்கும், குஞ்சை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் என்று சொல்லிவிட்டு மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பூச்சைச் சமப்படுத்துகிற நீளமான பலகை, அவன் உயரத்துக்கு இருக்கும். அதன் முனையை ஓட்டைக்குள் விட்டான்.

உள்ளே போனது. ஒரு முழம் போனது. அவன் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. இன்னும் தள்ளினான். பாதிப் பலகை போனது. அவள் அறைக்குள் ஓடிப் போய்ப் பார்த்தாள். சுவர் வழவழவென்று இருந்தது, விரிசல் இல்லை, தட்டினால் கெட்டியாகக் கேட்டது. அவளே மணியாசுக்கட்டையால் தேய்த்து முடித்த சுவர். திரும்பி வந்தபோது மேஸ்திரியின் கையில் பலகையின் கடைசி நுனிதான் இருந்தது. அவன் கை மணிக்கட்டு வரை ஓட்டைக்குள் இருந்தது. சத்தம் தொடங்கியது. டப்பா மணல் சத்தம்தான், ஆனால் பெரிய டப்பா.

அவன் பலகையை மெல்ல இழுத்தான். முனை ஈரமாக இருந்தது.

“என்னது உள்ள?” என்று கேட்டாள்.

அவன் ஈர முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். “சின்னது,” என்றான். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, “பாவம்,” என்றான்.

அன்றைக்கு அவன் தட்டில் வைத்த ரொட்டியைத் தொடவில்லை. வேலையில் சாப்பிட்டுவிட்டேன் என்றான். அவள் பாத்திரம் தேய்க்கப் பின்பக்கம் போனபோது அவன் தட்டோடு சுவரருகில் நின்றுகொண்டிருந்தான். ரொட்டியைச் சின்னத் துண்டுகளாகக் கிள்ளி, தண்ணீரில் நனைத்து, பிள்ளைக்கு ஊட்டுவதற்குப் பழகுகிறவன் போல இரண்டு விரலால் உள்ளே வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் தள்ளிப்போனது. கிளம்பினாலும் மத்தியானம் திரும்பிவிடுவான். சோற்றுத்தூக்கு மூடி திறக்காமல் வரும். நேரே பின்பக்கம் போகும். அவனுக்கு உதவியாக நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள், கறாரான வாய், ஊசியை வாயில் கவ்வியபடியே ஊர் நியாயம் பேசுகிறவள். அவளாவது அண்ணனைத் திட்டித் திருத்துவாள் என்றுதான் இவள் கூப்பிட்டு அனுப்பினாள். நாத்தனார் வந்தாள். திட்டினாள். ஓட்டைக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் அவள் முகம் தளர்ந்தது, ஊசி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தேடக்கூட இல்லை.

“அண்ணி,” என்றாள். “வீட்டுல வேற என்ன இருக்கு?”

சுகாதார நிலையத்தில் நர்ஸ் பிள்ளையைத் தராசில் வைத்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். எடை போன தடவையைவிடக் குறைவு. ஒழுங்காகப் பால் கொடுக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ரவிக்கை இப்படி நனைந்திருக்கிறதே, இவ்வளவு பால் இருந்தும் பிள்ளை ஏன் இப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். இவள் என்ன பதில் சொல்வாள். பிள்ளை வாய் வைத்தால் வறண்டுவிடுகிறது, சுவர் அழுதால் பொங்குகிறது என்றா? நர்ஸ் எழுதிக் கொடுத்த பால் பவுடரை வாங்கி வந்தாள். ஒரு தடவைதான் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த வேளைக்கு டின்னைத் திறந்தால் காலி. ஓட்டைக்குக் கீழே செங்கல்லில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. நாத்தனாரின் விரல் நகங்களிலும்.

மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனாள். பஸ் நிறுத்தத்தில் நின்று மார்பைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். ஒரு சொட்டு இல்லை. கல்லாக இறுகியிருந்தது. சத்தம் காதில் விழாத தூரம், பாலும் இல்லாத தூரம். பிள்ளை சப்பி ஓய்ந்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. பஸ் வந்தது. கண்டக்டர் ஏறுகிறாயா இல்லையா என்று கேட்டான்.

அவள் ஏறவில்லை. பால் மட்டும் காரணம் இல்லை. அவள் பிறந்தது ஒரு சைட்டில். வளர்ந்தது இன்னொன்றில். தகரக் கொட்டகையில் குடியிருந்து, கட்டடம் முடிந்ததும் அந்தக் கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றி, அடுத்தவனுக்கு வீடு எழும்ப எழும்ப நகர்ந்துகொண்டே இருந்த குடும்பம். கட்டி முடித்த பிறகும் காலி செய்யாத முதல் வீடு இது. லீவு நாளிலெல்லாம் அவளும் மேஸ்திரியும் கல் சுமந்து கட்டியது. ஒரு ஓட்டைக்குப் பயந்து இதையும் காலி செய்வதா? அப்படி அவளை எழுப்பிவிட இதுவரை மேஸ்திரிமார்களாலும் முடிந்தது, எஞ்சினியர்களாலும் முடிந்தது. இதனால் முடியாது.

“போயா,” என்றாள் கண்டக்டரைப் பார்த்து.

திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பசி என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாரக்கம்பில் கட்டிய தூளியில் கிடந்து அழுதவள் அவள். தளம் போடும் நாளில் கலவை இயந்திரம் நிற்காது, அம்மா இறங்கி வர முடியாது. முதலில் கத்துவோம். அப்புறம் தொண்டை கம்மும். அப்புறம் விரலைச் சப்புவோம். அப்புறம் சும்மா கிடப்போம். பசி குரலைத் தின்றுகொண்டே போகும். தின்னக் கொடுத்தால் குரல் அடங்கிவிடும். சுவருக்குள் இருப்பது தின்னத் தின்னக் கத்துகிறது. நேற்றைவிட இன்றைக்குக் கூடுதலாக. அது பசி இல்லை. பசியைப் போல நடிக்கிற ஏதோ ஒன்று. என் வீட்டுச் சுவரில், என் பால் மேல் கண் வைத்துக்கொண்டு.

உண்மையில் பசித்தவள் இங்கே தோளில் தூங்குகிறாள், சத்தமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். வேலை செய்ய உடம்பு வேண்டும். மேஸ்திரி சுவருக்கு எடுத்துப் போகாத ஒரு வாழைப்பழம் கிடைத்தது, தோல் கறுத்தது. அதைத் தின்றாள். கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று பிள்ளையின் பக்கத்தில் படுத்தாள். கண்ணை மூடியது தெரியும்.

திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

பாய் காலி.

பிள்ளை கிடந்த இடத்தில் சூடு இல்லை.

சத்தம் இல்லை. கொல்லையில் எந்தச் சத்தமும் இல்லை. அத்தனை நாளாக ஓயாமல் ஆடிய டப்பா நின்றிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல.

மூலையில் சாத்தியிருந்த கட்டை கையில் வந்தது. மணியாசுக்கட்டை. எடுத்ததை அவள் யோசிக்கவில்லை. பின்கதவு திறந்திருந்தது. கொடிக்கயிறு நிறையப் பறவைகள். காம்பவுண்டுச் சுவர் நிறைய. ஒன்றும் அசையவில்லை. சுவருக்கு முன்னால் மேஸ்திரி. பக்கத்தில் நாத்தனார், முந்தானையால் அண்ணனின் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் இரண்டு கையிலும் பிள்ளை. செங்கல்லை வரிசையில் வைப்பதற்கு முன் கண்ணால் அளப்பானே, அப்படி அளந்துகொண்டிருந்தான். பிள்ளையின் தலை ஓட்டைக்கு நேராக இருந்தது. பிள்ளை விழித்திருந்தது. அழவில்லை.

“குடுங்க,” என்றாள்.

அவன் திரும்பினான். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, இருந்தும் அவள் கட்டிக்கொண்ட அதே முகம். கோபம் இல்லை, வெறி இல்லை. அன்பு மட்டும்தான் இருந்தது. 

“இவளுக்குத்தான் பசியே இல்லையேம்மா,” என்றான். “பாரு, அழவே மாட்டேங்குறா. அது எவ்வளவு நேரமா அழுவுது.”

“குடுங்க மேஸ்திரி.”

“அண்ணி, உங்களுக்கு இன்னொண்ணு பொறக்கும்,” என்றாள் நாத்தனார், துணிக்கு அளவெடுக்கிற குரலில்.

அவள் கட்டையை வீசினாள். அவன் மணிக்கட்டில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் வலிக்குக் கத்தவில்லை. கை மட்டும் தளர்ந்தது. பிள்ளை விழுவதற்குள் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரைத் தோளால் இடித்துத் தள்ளினாள். உள்ளே ஓடவில்லை. பழைய புடவையால் பிள்ளையை நெஞ்சோடு கட்டினாள், அவள் அம்மா கட்டிய கட்டு, கல் சுமந்தாலும் அவிழாத கட்டு.

“இருங்க,” என்றாள் மூவரையும் பார்த்து. கணவன், நாத்தனார், ஓட்டை.

மீந்துபோன சிமெண்டு அரை மூட்டை இருந்தது. மணல் இருந்தது. தண்ணீர் இருந்தது. மண்வெட்டியால் கிளறினாள். சத்தம் மறுபடி எழுந்தது. இப்போது டப்பா இல்லை, மணல் இல்லை. பிள்ளை அழுகை. குண்டு பிறந்த அன்றைக்கு அழுத அழுகை. அதே இழுப்பு, அதே விக்கல். இரண்டு மார்பும் பொங்கிக் கலவையில் சொட்டின. பல்லைக் கடித்தாள். கிளறினாள். மேஸ்திரி அழுதுகொண்டிருந்தான். பறவைகள் அவள் தலையை உரசிப் பறந்தன, கொத்தவில்லை.

ஓட்டைக்குக் கலவையும் அரைக்கற்களும் கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. வாடை. கறுப்புக்குப் பின்னால் சிவப்பு, ஈரமான, விரிந்துகொண்டே போகிற சிவப்பு. பார்க்காதே. கல்லை வை. கையோடு உள்ளே தள்ளினாள். முழங்கை போனது. பூச்சின் முதுகு தட்டவில்லை. தோள் வரை போனது.

விரல் நுனியை ஏதோ கவ்வியது.

மெல்ல. பல் இல்லாமல். நாக்கைச் சுருட்டி, அண்ணத்தில் அழுத்தி, ஒரு தாளத்தோடு. அவளுக்குத் தெரிந்த தாளம். உடம்பு முழுக்க இளகியது. கொடுத்துவிடு. கை தானாக இன்னும் உள்ளே போனது. கண்ணில் நீர் முட்டியது. இன்னும் கொஞ்சம் உள்ளே. பாவம்.

நெஞ்சில் கட்டியிருந்த பிள்ளை தும்மியது.

சின்னத் தும்மல். சிமெண்டுத் தூசி மூக்கில் ஏறிய தும்மல்.

“நீ என் புள்ள இல்ல,” என்றாள் ஓட்டைக்குள். “என் வீட்டுல உனக்குச் சோறு இல்ல.”

விரலைப் பிடுங்கினாள். நகம் உள்ளேயே தங்கிவிட்டது. தங்கட்டும். வேறொரு அரைக்கல்லைச் செருகினாள். இன்னொன்று. கலவையை அப்பினாள். கரண்டியின் பின்புறத்தால் அடித்து இறுக்கினாள். வழித்தாள். மறுபடி அப்பினாள். அழுகை சுருங்கியது, தலையணைக்குள் அழுத்தியது போல ஆனது, நின்றது.

கல் வெளியே நகர்ந்தது. உள்ளிருந்து ஏதோ தள்ளியது. ஒரு நூல் அளவு. கலவையில் விரிசல் ஓடியது.

அவள் திரும்பி நின்று முதுகைக் கொடுத்தாள். தோளுயர ஓட்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே சரியாகப் பொருந்தியது. காலை அகட்டி ஊன்றினாள். துவைக்கும் கல்லில் உள்ளங்காலை முட்டுக்கொடுத்தாள். கலவை இறுகக் காலையாகும். அவளுக்குத் தெரியும். காலை வரை நிற்க வேண்டியதுதான்.

புடவைக் கட்டை இறக்கிப் பிள்ளையின் வாயை மார்பில் வைத்தாள். பிள்ளை தயங்கியது. இழுத்தது.

பால் வந்தது.

மடக் மடக்கென்று பிள்ளை குடிக்கிற சத்தம் கொல்லை முழுக்கக் கேட்டது. வாய் ஓரம் வழிந்தது. கால் உதைத்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் குட்டிப் பாதம் அவள் விலாவில் பலமாகப் பட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குடி என்றாள். குடிடி குண்டு. எவனுக்கும் பயப்படாமக் குடி.

முதுகில் ரவிக்கை நனைந்தது.

கலவை ஈரம் என்று நினைத்தாள். அது சூடாக இருந்தது. அப்புறம் அந்தத் தாளம். தோள்பட்டைகளுக்கு நடுவே, தண்டுவடத்தின் மேல், மெல்ல, பல் இல்லாமல். பிள்ளை முன்னால் ஒரு மடக்கு இழுத்தால் பின்னால் ஒரு மடக்கு. முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. வலிக்கவில்லை. உள்ளே எதுவோ குறைந்தது. உதடு உலர்ந்தது, கால் எடையற்றுப் போனது.

விலகினால் கல் விழும்.

விலகவில்லை. இன்னும் அழுத்தினாள்.

பறவைகள் கொடிக்கயிற்றில் திரும்பி உட்கார்ந்தன. எல்லாத் தலையும் அவள் பக்கம். மேஸ்திரி எழுந்தான். முறிந்த கை தொங்க, மறு கையில் நனைத்த ரொட்டியோடு வந்தான். அவனுக்குப் பின்னால் நாத்தனார் கிண்ணத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தட்டுகளை ஏந்தி, ஒருவரையொருவர் இடிக்காமல், வரிசையாக.

“வாயத் தொறம்மா,” என்றான் மேஸ்திரி, கனிவாக.

அவள் அவனைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். தின்றால் பால் ஊறும். பால் இரண்டு பக்கமும் போகும். போகட்டும். விடியும் வரை முன்னால் இருப்பவளுக்கு மிச்சம் இருந்தால் போதும்.

“கொண்டா,” என்றாள். “எது இருக்கோ எல்லாத்தையும் கொண்டா. யாரு மொதல்ல ஓயறதுன்னு பாத்துடலாம்.”

ரொட்டியை விழுங்கினாள். கிண்ணத்தில் இருந்ததைக் குடித்தாள். பின்னால் இழுப்பு பலமானது. தலையைச் சுவரில் அழுத்தி முதுகை இறுக்கினாள். தோளில் ஏதோ வந்து உட்கார்ந்தது. இறகில்லாத கழுத்து, ஒட்டிய நெஞ்சு. மைனா குனிந்து அவள் கண்ணைப் பார்த்தது. அலகில் ஒரு புழு நெளிந்தது. ஈரமான நுனி அவள் உதட்டைத் தொட்டது.

அவள் வாயை மூடவில்லை.